உறக்கமும் பதிவேடும்: மாணவர் அமைப்புகளின் குடிமைப் பங்கேற்புக் குறித்து ஒரு திறனாய்வு

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் ஆசிரியர் கல்விக் கழகங்களிலும் இயங்கும் தமிழ் மாணவர் அமைப்புகள் ஆண்டுதோறும் வெளியிடும் மலர்களைத் தொடர்ந்து படித்து வருவோர்க்கு ஒன்று எளிதிற் புலப்படும். இளைஞரையும் நாட்டையும் பற்றி அவற்றில் இடம்பெறும் கட்டுரைகளுட் பெரும்பாலானவை ‘விழிப்புணர்வு’ என்னும் ஒற்றைச் சொல்லைச் சுற்றியே அமைகின்றன. இளைஞர் உறங்குகின்றனர், அவர்களைத் தட்டியெழுப்புதல் வேண்டும், எழுந்தபின் சமுதாயம் தானாகவே உயர்ந்துவிடும் என்பது அவற்றின் பொதுவான வாதமாகும். வாழ்த்துரை வழங்கும் பெரியோரும் இதையே கூறுவர். தலைவருரை எழுதும் மாணவரும் இதையே கூறுவர். இருபது வயது மாணவர் ஒருவர் தம் தலைமுறையினர் உறங்குவதாகத் தாமே எழுதுவதைப் படிக்கும்போது, அச்சொற்கள் அவருடையவை அல்ல, மேடையிற் கேட்டுப் பழகியவை என்பது விளங்கும்.

அவ்வாதத்தைத் திறனாய்வு நோக்கில் ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. மாணவர்கள் தாமே அமைப்பாகக் கூடி இளைஞரின் குடிமைப் பங்கேற்பை உயர்த்த மேற்கொண்ட முயற்சிகளுள், அண்மைக் காலத்தில் மலேசியாவிற் பெருவெற்றி பெற்றது வாக்குரிமை வயதைப் பதினெட்டாகக் குறைத்த இயக்கமாகும். அவ்வியக்கத்தின் போக்கை நம் மாணவர் அமைப்புகளின் எழுத்தோடும் நடைமுறையோடும் பொருத்திப் பார்க்கும்போது, குறை இளைஞரின் உறக்கத்தில் இல்லை என்றே தோன்றுகிறது. அவர்களைப் பதிவேட்டுக்கு வெளியே நிறுத்திய விதிகளிலும், அவ்விதிகளைப் பற்றிப் பேசாதிருக்க அவர்களைப் பழக்கிய நம்மிடத்திலுமே அது உள்ளது. ‘நம்மிடத்தில்’ என்பது அவையடக்கத்திற்காகக் கூறியதன்று. அதற்குரிய காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

சொல்லும் பொருளும்

குடிமைப் பங்கேற்பு என்னும் தொடர் தமிழில் அண்மையில் வழக்கிற்கு வந்தது. ‘குடிமை’ என்னும் சொல்லோ பழமையானது. திருக்குறளின் தொண்ணூற்றாறாம் அதிகாரம் குடிமை என்னும் பெயருடையது. அங்கு அச்சொல் நற்குடியிற் பிறந்தார்க்குரிய பண்பைக் குறிக்கிறது. நூற்று மூன்றாம் அதிகாரமாகிய குடிசெயல்வகை, தாம் பிறந்த குடியை உயரச் செய்வாரின் முயற்சியைப் பேசுகிறது. இவை அடங்கிய இயலுக்குக் குடியியல் என்று பெயரிட்ட பதிப்புகளும் உள்ளன. இன்று பள்ளிகளிற் பயிலப்படும் குடியியல் என்பதும் அதே சொல்தான். ஆயின் பொருள் பெரிதும் வேறுபட்டுவிட்டது. ஒரு குடியிற் பிறந்தவர் வேறு. வரி செலுத்தி, வாக்காளர் பதிவேட்டில் இடம்பெற்று, சட்டம் இயற்றுவோரைத் தேர்ந்தெடுக்கவும் விலக்கவும் உரிமையுடைய குடிமக்கள் வேறு. முன்னவர்க்குப் பண்பு போதும். பின்னவர்க்கு நடைமுறை அறிவும் வேண்டும்.

இப்பொருள் மாற்றத்தை நம் மாணவர் எழுத்து இன்னும் முழுமையாக உள்வாங்கவில்லை. குடிமை பற்றி எழுதத் தொடங்கும் கட்டுரை இரண்டாம் பத்தியிலேயே ஒழுக்கம், பெற்றோரைப் பேணல், தாய்மொழிப் பற்று, நேர மேலாண்மை எனப் பண்புகளைப் பட்டியலிடத் தொடங்கிவிடுகிறது. பதினோராண்டுகள் நன்னெறிக் கல்வி பயின்று தேர்வெழுதி வந்தோரிடம் இஃது எதிர்பார்க்கத்தக்கதே. இப்பண்புகள் வேண்டாதவை என்பது நம் கருத்தன்று. ஆனால், தம் வாக்குத் தொகுதி எது, அடையாள அட்டையிலுள்ள முகவரி மாறினால் அத்தொகுதி என்னாகும், நாடாளுமன்ற உறுப்பினர் எதற்குப் பொறுப்பு, நகராண்மைக் கழகம் எதற்குப் பொறுப்பு என்பன போன்ற வினாக்கள் அக்கட்டுரைகளில் அரிதாகவே எழுகின்றன. வடிகால் அடைபட்டதற்கு நாடாளுமன்ற உறுப்பினரைக் குறைகூறும் கட்டுரையொன்றை ஒரு போட்டியின் நடுவராக இருந்து படித்திருக்கிறோம். மொழிநடை சிறப்பாக இருந்தது, முதற்பரிசும் பெற்றது. நாமும் அதற்கு மதிப்பெண் வழங்கினோம்.

‘சேவை’ என்பது இம்மலர்களில் மிகுதியாக ஆளப்படும் மற்றொரு சொல். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிக்குச் சென்று சுவருக்கு வண்ணம் தீட்டுதல், ஆறாம் ஆண்டு மாணவர்க்கு வழிகாட்டிக் கருத்தரங்கு நடத்துதல், முதியோர் இல்லத்தில் ஒருநாள் உணவளித்தல் ஆகியவை அதனுள் அடங்கும். இவற்றைச் செய்யும் மாணவரின் உழைப்பை நேரிற் கண்டவர் எவரும் இகழமாட்டார். எனினும் அப்பள்ளியின் சுவர் ஏன் வண்ணமிழந்து கிடந்தது, அரசின் பகுதி உதவி மட்டும் பெறும் பள்ளிக்கும் முழு உதவி பெறும் பள்ளிக்கும் வேறுபாடு என்ன, அந்நிலம் எவர் பெயரில் உள்ளது என்று கேட்டறிந்து எழுதிய அறிக்கையை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம். சேவை செய்பவர் கொடுப்பவராக நிற்கிறார். குடிமகனோ கேட்பவராகவும் நிற்க வேண்டியவர். கேட்பது இழிவு என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருப்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

மலர்களில் ஒரு பகுதி மட்டும் இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. அது செயலாளரின் ஆண்டறிக்கை. எத்தனை செயலவைக் கூட்டங்கள் நடந்தன, எவர் வந்தனர், எத்தீர்மானம் எத்தனை வாக்குகளில் நிறைவேறியது, மண்டபம் கிடைக்காததால் எந்நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டது, கையிருப்பு எவ்வளவு என்னும் செய்திகள் அதில் எவ்வித அணியுமின்றி இடம்பெறும். பெரும்பாலோர் புரட்டிச் செல்லும் பக்கம் அது. நம் கருத்தில் மலர் முழுவதிலும் குடிமைப் பயிற்சியை உண்மையாகக் காட்டும் பக்கமும் அதுவே. நம் மாணவர்க்கு அமைப்பு நடத்தும் திறன் இல்லை என்று கூறுவோர் அப்பக்கத்தை ஒருமுறை படித்துப் பார்த்தல் நலம்.

நினைவில் நிற்பதும் நில்லாததும்

மாணவர் ஆற்றலுக்குச் சான்று காட்ட வேண்டிய இடத்தில் நம் கட்டுரையாளர்கள் பெரும்பாலும் தமிழகத்தின் 1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தையே நாடுகின்றனர். அப்போராட்டத்தின் தீயும் உயிரிழப்பும் கூறப்படும். அம்மாணவர்கள் ஒரு கிளர்ச்சிக் குழுவாக அமைந்திருந்ததும், இந்திய அரசமைப்பின்படி 1965 சனவரி 26 அன்று இந்தி மட்டுமே ஆட்சிமொழியாகும் நிலை ஏற்படும் என்பதே அவர்கள் எதிர்த்த திட்டவட்டமான செய்தி என்பதும், அம்மாணவர் தலைவர்களுள் ஒருவராகிய பெ. சீனிவாசன் 1967இல் விருதுநகர்த் தொகுதியில் காமராசரைத் தேர்தலில் வென்றதும் அரிதாகவே கூறப்படும். உணர்ச்சி நினைவில் நிற்கிறது. அமைப்பும் சட்டமும் தேர்தலும் நழுவிவிடுகின்றன.

நம் மண்ணின் வரலாற்றுக்கும் இதுவே நேர்ந்துள்ளது. 1954ஆம் ஆண்டு மே மாதம், அப்போது சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தின் மாணவர் எண்மர்மீது காலனித்துவ அரசு அரசநிந்தனைக் குற்றம் சாட்டியது. பல்கலைக்கழகச் சோசலிசக் கழகத்தின் இதழாகிய ‘ஃபஜார்’ வெளியிட்ட தலையங்கமே அதற்குக் காரணம். பின்னாளில் மருத்துவராகவும் பொதுவாழ்வினராகவும் விளங்கிய எம். கே. இராஜகுமார், பி. அருட்சோதி ஆகியோரும் அவ்வெண்மருள் அடங்குவர். டி. என். பிரிட் என்னும் இங்கிலாந்து வழக்கறிஞர் அவர்களுக்காக வாதாட, இளம் வழக்கறிஞராக இருந்த லீ குவான் யூ அவருக்குத் துணைநின்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் எண்மரும் விடுவிக்கப்பட்டனர். இந்நிகழ்ச்சி பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் வெளிவந்துள்ளன. நம் துறை மாணவரிடம் இப்பெயர்களைக் கூறினால் அவர்கள் வியப்புடன் நோக்குகின்றனர்.

இன்னும் நெருங்கிய சான்றொன்று உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தோன்றிய 1950களில், அங்குத் தமிழுக்குரிய இடம் எதுவென்னும் வினா எழுந்தது. வடமொழிக்கு முதன்மை தரும் கருத்து முன்வைக்கப்பட்டபோது கோ. சாரங்கபாணி தம் ‘தமிழ் முரசு’ வாயிலாகத் தமிழுக்காக வாதிட்டார். துறைக்குத் தமிழ் நூலகம் அமைப்பதற்கெனத் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதித் திட்டத்தையும் தொடங்கினார். எளிய உழைப்பாளரும் அதற்குச் சிறுதொகை வழங்கினர். இதை நாம் மொழிப்பற்றின் வெளிப்பாடாகவே மாணவர்க்குக் கற்பித்து வருகிறோம். அஃது உண்மையே. எனினும் பற்று மட்டும் நூலகத்தை அமைத்துவிடாது. எவரிடம் கோரிக்கை வைப்பது என்று தெரிந்திருந்தது. கோரிக்கை இன்னதென வரையறுக்கப்பட்டிருந்தது. பணம் கொடுத்தவர்க்குக் கணக்குக் காட்ட இதழ் ஒன்று இருந்தது. குடிமைப் பங்கேற்புக்கு இதனினும் சிறந்த பாடம் நம் துறைக்கு வேறெங்கும் இல்லை. அதை ‘உயிர்’ என்னும் சொல்லோடு நிறுத்திவிட்டு, ‘நிதி’ என்னும் சொல்லைக் கைவிட்டுவிட்டோம்.

கோலாலம்பூர் வளாகத்தின் வரலாறு பலரும் அறிந்ததாகலின் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1967இல் தெலுக் கோங் நிலமற்ற உழவர்க்காக மாணவர் குரலெழுப்பினர். 1969 பொதுத்தேர்தலின்போது மலாயாப் பல்கலைக்கழக மாணவர் சங்கம் தனக்கென ஒரு கொள்கையறிக்கை வெளியிட்டு ஊர்தோறும் கூட்டம் நடத்தியது. எக்கட்சிக்கும் வாக்குக் கேட்காமல், கட்சிகள் விடையிறுக்க வேண்டியவற்றை மாணவரே மக்கள்முன் வைத்த முயற்சி அது. 1974 செப்டம்பரில் ஜோகூர் பாருவின் தாசேக் உத்தாரா புறம்போக்குக் குடியிருப்பாளர்க்காகவும், டிசம்பரில் இரப்பர் விலை வீழ்ச்சியால் வாடிய பாலிங் மக்களுக்காகவும் மாணவர் திரண்டனர். டிசம்பர்ப் பேரணியில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர்.

அதன் விளைவே 1975ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம். மலாய்ச் சுருக்கப் பெயரால் ‘அவுக்கு’ என வழங்கும் 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் பதினைந்தாம் பிரிவு இறுக்கப்பட்டது. அரசியற்கட்சியிலோ தொழிற்சங்கத்திலோ மாணவர் சேர்வது மட்டுமன்றி, அவற்றுக்கு ஆதரவு, பரிவு, எதிர்ப்பு எதையும் தெரிவிப்பதும் தடுக்கப்பட்டது. மாணவர் அமைப்புகள் தாமாகப் பணம் திரட்டுவதும் விலக்கப்பட்டது. முப்பதாண்டுகளுக்கு மேல் இந்நிலை நீடித்தது. 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தற் களத்திற்குச் சென்றதற்காக மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் மாணவர் நால்வர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாயினர். அவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011 அக்டோபர் 31 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், கட்சிக்கு ஆதரவோ எதிர்ப்போ தெரிவிப்பதைத் தடுத்த உட்பிரிவு அரசமைப்புக்கு முரணானது என இருவர்க்கு ஒருவர் என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அரசியல் அறிவியல் பயில்வோர் தேர்தலைக் காணச் சென்றது குற்றமாக எண்ணப்பட்டதன் முரணைத் தனியே சுட்ட வேண்டியதில்லை. 2012இல் கட்சி உறுப்பினராதலுக்கு இடமளிக்கப்பட்டது. 2018 டிசம்பரில் வளாகத்தினுள் அரசியல் நடவடிக்கைக்கிருந்த தடையையும் நாடாளுமன்றம் நீக்கியது.

ஒரு தலைமுறை முழுவதையும் சட்டத்தால் வாய்மூடச் செய்துவிட்டு, அத்தலைமுறை உறங்குகிறது என்று மேடையில் வருந்துவது எவ்வகையில் நேர்மையாகும்?

பதிவேடு

நாம் முனைவர்ப் பட்ட ஆய்வுக்காகப் பிரித்தானியாவில் தங்கியிருந்த காலத்தில் 2010ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் வந்தது. மாணவர் விடுதிக்கு நம் பெயருக்கு வாக்காளர் அட்டை ஒன்று வந்து சேர்ந்தது. பிழையாக வந்ததென்றே முதலில் எண்ணினோம். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் அங்கு வசிப்பின் வாக்களிக்கலாம் என்பதும், விடுதிப் பொறுப்பாளர் தம் விடுதியில் தங்கியோர் அனைவரையும் ஒருசேரப் பதிவு செய்யலாம் என்பதும் விசாரித்தபின் தெரிந்தன. நாம் எவ்வித விழிப்புணர்வும் பெற்றிருக்கவில்லை. எவரும் நம்மைத் தட்டியெழுப்பவும் இல்லை. பெயர் பதிவேட்டில் இருந்தது, சென்று வாக்களித்தோம். பிறந்த நாட்டில் இருபத்தொரு வயது கடந்து பல ஆண்டுகளாகியும் நாம் பதிவு செய்துகொள்ளவில்லை என்பதை அப்போது நாணத்துடன் உணர்ந்தோம்.

அந்நாட்டிலேயே 2014இல் ஒவ்வொருவரும் தனித்தனியே பதிந்துகொள்ள வேண்டும் என விதி மாறியது. விடுதிப் பொறுப்பாளரின் ஒட்டுமொத்தப் பதிவு முடிவுக்கு வந்தது. மாணவர் பலர் பதிவேட்டிலிருந்து விடுபடும் நிலை ஏற்பட்டபோது, ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் நகராட்சியுடன் இணைந்து மாணவர் சேர்க்கைப் படிவத்திலேயே வாக்காளர் பதிவையும் ஓர் அங்கமாக்கியது. ஒரே நாடு, ஒரே வயதினர். படிவம் மாறியதும் பங்கேற்பும் மாறியது. இளைஞரின் அக்கறையை அளக்க விரும்புவோர் முதலிற் படிவத்தை நோக்குதல் வேண்டும் என்பது நாம் அங்குக் கற்ற பாடம். நம் ஆய்வேட்டில் அது இடம்பெறவில்லை. நம் ஆய்வு வேறு துறையைச் சார்ந்தது.

மலேசியாவில் 2021 வரை வாக்காளர் பதிவு தன்விருப்பமானது. இருபத்தொரு வயது நிரம்பியவர் அஞ்சலகத்திற்கோ தேர்தல் ஆணைய அலுவலகத்திற்கோ பதிவு முகப்புக்கோ சென்று படிவம் நிரப்ப வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை துணைப்பட்டியல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, மறுப்புகள் கேட்கப்பட்டு, அரசிதழில் வெளியானபின்னரே வாக்குரிமை கிடைக்கும். இளங்கலை மாணவர் தம் படிப்பு முடியும் தறுவாயிலேயே இருபத்தொரு வயதை எட்டுவர். வளாகத்தில் அமைப்பாகக் கூடியிருக்கும் ஆண்டுகளில் வாக்குரிமை இல்லை; வாக்குரிமை வரும்போது அமைப்பு இல்லை. இக்காலப் பொருத்தமின்மையைக் கண்டறிந்ததே ‘உண்டி18’ இயக்கத்தின் முதற்சிறப்பு எனலாம். (மலாயில் வாக்கு எனப் பொருள்படும் ‘உண்டி’ தமிழில் உணவைக் குறிப்பதாகலின் நம் மாணவரிடையே இப்பெயர் நகைப்புக்கு இடமாவதுண்டு.)

2016இல் தர்மா பிள்ளை, கைரா யுஸ்ரி ஆகியோர் முன்னின்று இதனை மாணவர் இயக்கமாகத் தொடங்கினர். அவர்கள் இளைஞரை நோக்கி விழித்தெழுமாறு கூறுவதோடு நிற்கவில்லை. கூட்டரசு அரசமைப்பின் 119ஆம் விதியில் உள்ள ‘இருபத்தொரு’ என்னும் சொல்லை ‘பதினெட்டு’ என மாற்றுமாறு நாடாளுமன்ற உறுப்பினரை நோக்கிக் கூறினர். அரசமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை தேவை. 2018 தேர்தலுக்குப்பின் எவ்வணியிடமும் அஃது இல்லை. ஆகவே ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்னும் வேறுபாடின்றி உறுப்பினர்களைச் சந்தித்து ஆதரவு திரட்டுதல் இன்றியமையாததாயிற்று. இளைஞர் விளையாட்டுத்துறை அமைச்சராக இருந்த சைட் சடிக் திருத்தத்தை முன்னெடுத்தார். எதிரணியினரின் வலியுறுத்தலையும் ஏற்று, தாமாகவே பதிவாகும் முறையும் வேட்பாளர் வயதைக் குறைத்தலும் அதனுடன் இணைக்கப்பட்டன. 2019 சூலை 16 அன்று மக்களவையில் 211 வாக்குகள் ஆதரவாக விழுந்தன, எதிர்வாக்கு ஒன்றுமில்லை.

சட்டம் நிறைவேறியும் நடைமுறைக்கு வரவில்லை. 2021 மார்ச்சில், ஏற்பாடுகள் முடிய 2022 செப்டம்பருக்குமேல் ஆகும் என்று தேர்தல் ஆணையம் அறிவித்தது. இளைஞர்கள் நாடாளுமன்றத்தின் அருகே திரண்டனர். பதினெட்டுப் பேர் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் நீதிச் சீராய்வு கோரினர். சரவாக்கைச் சேர்ந்த ஐவர் கூச்சிங் உயர்நீதிமன்றத்தை நாடினர். 2021 செப்டம்பர் 3 அன்று அந்நீதிமன்றம், ஆண்டு முடிவதற்குள் வாக்குரிமை வயதுத் திருத்தத்தை நடைமுறைப்படுத்துமாறு ஆணையிட்டது. டிசம்பர் 15 முதல் பதினெட்டு வயது வாக்குரிமையும் தாமாகப் பதிவாகும் முறையும் நடப்புக்கு வந்தன.

இதன் விளைவை எண்களே கூறும். 2018 பொதுத்தேர்தலிற் பதிவு பெற்ற வாக்காளர் ஏறத்தாழ ஒரு கோடியே 49 இலட்சம்; 2022 நவம்பரில் இரண்டு கோடியே 11 இலட்சத்துக்கு மேல். இடைப்பட்ட உயர்வில் பதினெட்டு முதல் இருபது வயதுக்குட்பட்டோர் ஏறத்தாழ 14 இலட்சம் பேர். எஞ்சியோரிற் பெரும்பாலோர் இருபத்தொரு வயது நிரம்பியும் பதிவேட்டுக்கு வெளியே இருந்தோராவர். உறங்கியோர் எனக் குறைகூறப்பட்டவர் இளைஞர் மட்டுமே. பதிவேட்டில் இல்லாதிருந்தோரோ இளைஞரினும் மூத்தோரே மிகுதி. மூத்தோரை எழுப்ப எவரும் மலர்க்கட்டுரை எழுதியதாக நினைவில்லை.

இவ்வியக்கத்தைக் குறையற்றதெனக் காட்டுவது நம் நோக்கமன்று. புதிய முறையின்கீழ் முதன்முதலாக நடந்த 2022 மார்ச் ஜோகூர் மாநிலத் தேர்தலில் வாக்களித்தோர் ஏறத்தாழ 55 விழுக்காட்டினரே. அதே ஆண்டுப் பொதுத்தேர்தலில் அஃது ஏறத்தாழ 74 விழுக்காடாக உயர்ந்தது. எனினும் 2018இன் 82 விழுக்காட்டை எட்டவில்லை. பதிவேட்டில் பெயர் சேர்ந்துவிட்டால் வாக்குச்சாவடிக்கு வழி கிடைத்துவிடும் என்று பொருளன்று. ஒருவர் பெயர் அடையாள அட்டையிலுள்ள முகவரிப்படி பதிவாகிறது. பினாங்கிற் பிறந்து பாங்கியில் பயிலும் மாணவர் பினாங்கிற்குச் சென்றே வாக்களிக்க வேண்டும். தீபகற்பத்திற் பயிலும் சபா, சரவாக் மாணவர்க்கு வானூர்திக் கட்டணம் வேறு. 2018 மே 9 புதன்கிழமையன்று தேர்தல் வைக்கப்பட்டபோது முன்பின் அறியாதோர் ஒருவர்க்கொருவர் மகிழுந்தில் இடமும் பேருந்துக் கட்டணமும் தந்து உதவியதை நாம் கண்டோம். அதுவும் அமைப்பாக்கமே. ஆயினும் ஒவ்வொரு தேர்தலிலும் ஈகையை நம்பி வாக்குரிமை நடைபெற இயலாது. உள்நாட்டில் வெளியூரிற் பயிலும் மாணவர்க்கு அஞ்சல்வழி வாக்கு என்னும் கோரிக்கையை மேலெடுத்துச் செல்ல வேண்டிய களம் இன்னும் திறந்தே உள்ளது.

சிறப்பு விருந்தினரும் நாமும்

பதினைந்தாம் பிரிவு முழுவலிமையுடன் இருந்த ஆண்டுகளில் நம் வளாகங்களில் அரசியல்வாதிகள் இல்லாமல் இல்லை. கலை இரவானாலும் பொங்கல் விழாவானாலும் சிறப்பு விருந்தினராக வந்தோர் அவர்களே. அவர்கள் பேச்சின் முடிவில் நன்கொடை அறிவிப்பர். பெரிய அட்டையில் எழுதிய மாதிரிக் காசோலையுடன் படமெடுத்துக்கொள்வர். அப்படம் மலரில் இடம்பெறும். மாணவர் கட்சிக்கு ஆதரவு தெரிவித்தல் குற்றம். கட்சித் தலைவருக்குப் பொன்னாடை போர்த்துதல் குற்றமன்று. தாமாகப் பணம் திரட்டவியலாத அமைப்பு வேறென் செய்யும்? ஆனால் இருபது வயதில் அம்மேடையை அமைத்த மாணவர், அரசியல் என்றால் விருந்தினரை அழைத்து நன்கொடை பெறுவது என்றே கற்றுக்கொண்டார். பட்டம் பெற்றுச் சமூக அமைப்புகளிற் பொறுப்பேற்றபின்னும் அவர் அதையே செய்கிறார். நம் பொது அமைப்புகள் பலவற்றின் கோரிக்கைகள் உரிமையின் மொழியில் அமையாமல் மானியத்தின் மொழியில் அமைவதற்கு வேர் இங்கேயும் உள்ளது என்பது நம் துணிபு.

வளாகத்தில் அரசியல் நுழைந்தால் தமிழ் மாணவரிடையே பிளவு ஏற்படும் என்று அஞ்சும் நண்பர்கள் உளர். அவ்வச்சம் முற்றும் அடிப்படையற்றதன்று. இருப்பினும் செயலவைத் தேர்தலில் ஊர், இல்லம், விடுதி என்னும் பிளவுகளைக் கண்டவர்க்கு, கொள்கைவழிப் பிளவு அவற்றினும் தீயதாகத் தோன்றாது.

இனி, தொடக்கத்திற் கூறாது விட்டதைக் கூறுதல் வேண்டும். மேற்படிப்பு முடித்துத் திரும்பிய சில ஆண்டுகளுக்குப்பின் ஒரு மாணவர் அமைப்புக்கு ஆலோசகராக இருந்தோம். அவ்வாண்டு மலருக்கு மூன்றாமாண்டு மாணவி ஒருவர் ஒரு கட்டுரை தந்தார். வாக்காளராகப் பதிவு செய்வது எப்படி என்பது அதன் பொருள். எந்த அஞ்சலகத்தில் படிவம் கிடைக்கும், எவ்வளவு நேரமாகும், எந்நாளுக்குள் பதிந்தால் எக்காலாண்டுப் பட்டியலிற் பெயர் வரும் என்பன வரிசையாக எழுதப்பட்டிருந்தன. உவமை இல்லை, மேற்கோள் இல்லை, இளைஞரே என்னும் விளி இல்லை. அதை நீக்கிவிடுமாறு கூறினோம். அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் அப்போது இல்லை. கட்சிப் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. ‘இதெல்லாம் மலருக்கு ஏற்றதன்று, பின்னர்ச் சிக்கலாகும்’ என்றோம். எவர் சிக்கல் செய்வார் என்று அவர் கேட்கவில்லை. ‘சரிங்க ஐயா’ என்று தாளை வாங்கிக்கொண்டார். அப்பக்கத்தில் தாய்மொழி பற்றிய கவிதையொன்று அச்சாயிற்று. பதினைந்தாம் பிரிவைக் காட்டிலும் நாம் எச்சரிக்கையாக இருந்தோம்.

இக்கட்டுரைக்காகப் பழைய மலர்களைப் புரட்டியபோது அக்கவிதையைக் கண்டு, அம்மாணவிக்கு எழுதினோம். இப்போது அவர் ஆசிரியராகப் பணியாற்றுகிறார். அக்கட்டுரையை இவ்வாண்டு மலரில் வெளியிட இசைவாரா என்று கேட்டோம். கையெழுத்துப்படி தம்மிடம் இல்லை என்றும், இருந்தாலும் பயனில்லை, அஞ்சலகத்தில் படிவம் பெறும் முறையே இப்போது இல்லையே என்றும் மறுமொழி அனுப்பினார். அதற்கு மாறாக, தம் வாக்குத் தொகுதியையும் முகவரியையும் சரிபார்ப்பது எப்படி, மாணவர் முகவரி மாற்றிக்கொண்டால் ஏற்படும் நன்மை தீமை யாவை என்று புதிதாக எழுதித் தருவதாகக் கூறியுள்ளார். மூன்று பக்கம் ஒதுக்குமாறு மலராசிரியர் குழுவிடம் தெரிவித்துள்ளோம்.